டெஸ்ட் சொல்வதும் ஃபார்வர்ட் சொல்வதும்

(ஜனவரி 2023 மாதாந்திரக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





போன மாதம் நம்மில் பலருடைய செல்போனுக்கு ஒரே செய்தி வந்தது. எக்ஸ்பிபி என்று புதிய வகை ஓமிக்ரான் கிளம்பியிருக்கிறதாம். டெல்டாவைவிட ஐந்து மடங்கு கொடியதாம். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, மூக்கில் எடுக்கும் டெஸ்டில் பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வருமாம். டிசம்பர் 22ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் இது பொய்யான செய்தி என்று அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பு எத்தனை பேருக்கு வந்தது? இந்த அரங்கில் கை தூக்கச் சொன்னால் பத்துக் கை தேறுமா என்று தெரியவில்லை. செய்தி வந்ததற்கு எல்லாரும் கை தூக்குவீர்கள்.

இந்தச் செய்தியில் பயமுறுத்தல் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு வரிதான் நம்மைப் பேச வைத்தது: 'டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனமில்லை.' மூன்று வருடமாக இதே வரி வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. ஒரு நாள் பப்பாளிப்பழமாக வந்தது, ஒரு நாள் கோலா பாட்டிலாக வந்தது, ஒரு நாள் நோபல் பரிசு விஞ்ஞானியின் பெயரில் வந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன், இதைப் பேச வேண்டிய அவசியம் என்னவென்று சொல்லிவிடுகிறோம்.

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மே 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த நாட்களில் நமது டிரஸ்டின் ஆக்ஸிஜன் சிலிண்டரோடும் ஆம்புலன்ஸோடும் போன வீடுகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்டோம். ஒன்று, "டெஸ்டுக்குப் போனால் வேண்டுமென்றே பாசிட்டிவ் என்று போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் போகவில்லை." மற்றது, "நெகட்டிவ்தானே வந்திருக்கிறது, வெறும் சளிக்காய்ச்சல்தான்." முதலாமவர் டெஸ்டைப் பொய் என்றார். இரண்டாமவர் அந்தக் காகிதத்தைத் தாயத்து மாதிரி வைத்துக்கொண்டார். ஆக்ஸிஜன் அளவு எண்பதுக்கு வந்த பிறகுதான் இரண்டு வீட்டிலிருந்தும் நமக்குப் போன் வந்தது. அப்படிப் போன் வந்த வீடுகள் சிலவற்றுக்குத் திரும்ப ஜனாஸாவுக்குத்தான் போனோம்.

முதல் பேச்சுக்கு நம் சமுதாயத்தில் ஒரு காரணம் இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பேசினால் யாரும் கேட்க மாட்டீர்கள். 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் விஷயம் வெடித்தது. அடுத்த சில வாரங்கள் நம்மூர் அரசு அறிவிப்புகளிலும் அங்கே போய் வந்தவர்களின் எண்ணிக்கை தனியாகச் சொல்லப்பட்டது. பிறகு 'ஒற்றை மூலம்' என்று பெயர் மாற்றினார்கள். இணையத்தில் 'கொரோனா ஜிஹாத்' என்று ஓட்டினார்கள். தொற்றுக்குச் சம்பந்தமே இல்லாத பழைய வீடியோக்களைத் தூசு தட்டி எடுத்து, முஸ்லிம்கள் எச்சில் துப்புகிறார்கள் என்று பரப்பினார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 21ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீது போட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலியாடுகளாக ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைப் பதிவு செய்தது. அதற்குள் காய்கறி விற்கும் நம் பிள்ளைகளைத் தெருவுக்குள் விடாமல் விரட்டியது முடிந்து போயிருந்தது.

இதில் டெஸ்ட் சம்பந்தமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது நாடு முழுக்க டெஸ்ட் குறைவு. இருந்த டெஸ்டைக் கொண்டு மர்கஸ் போய் வந்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் தேடித் தேடிச் சோதித்தார்கள். எங்கே தேடுகிறோமோ அங்கேதான் கிடைக்கும். எத்தனை பேரைச் சோதித்ததில் இத்தனை பேருக்கு வந்தது, மற்றவர்களில் எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற கீழ்க்கணக்கைச் சொல்லாமல் மேல்க்கணக்கை மட்டும் தினமும் வாசித்தால், ஒரு கூட்டத்தாரே நோயைச் சுமந்து திரிவதாகத்தான் கேட்பவருக்குத் தோன்றும். அநியாயம் நடந்தது அந்த அறிவிப்பில், ஆய்வகத்தில் அல்ல. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த இயந்திரத்துக்கு நம் பெயரும் தெரியாது, மதமும் தெரியாது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் டெஸ்டின் மேல் வைத்ததில், அநியாயத்தைச் செய்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் நஷ்டம்.

சரி, பப்பாளிக்கு வருவோம். 2020 மே 3ஆம் தேதி ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டு அதிபர் ஜான் மகுஃபுலி ஒரு விஷயத்தைச் சொன்னார். ஆடு, பப்பாளி, ஒரு பறவை ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்து, மனிதப் பெயரும் வயதும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்களாம். பப்பாளிக்கும் ஆட்டுக்கும் பாசிட்டிவ் வந்ததாம். உலகமே சிரித்தது. நம் குழுக்களிலும் அந்தச் செய்தி பல மாதம் சுற்றியது. அந்தச் சோதனையை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று பிறர் சரிபார்க்கும்படி எதுவும் வெளியிடப்படவில்லை. ஆப்பிரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் தலைவர் ஜான் என்கெங்கசோங், டெஸ்ட் கருவிகளில் குறையில்லை என்று மறுத்தார். தான்சானியாவோ ஆய்வகத் தலைவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்து, தொற்று எண்ணிக்கை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

சிரிப்பு அங்கே முடிந்தது. எண்ணிக்கை நின்றது, நோய் நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 17ஆம் தேதி சான்சிபாரின் முதல் துணை அதிபர் செயிஃப் ஷரீஃப் ஹமத் வஃபாத்தானார். அவருக்குக் கொரோனா கண்டிருந்ததை அதற்கு முன்பே அவருடைய கட்சி வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. நாட்டில் கொரோனாவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது! அடுத்த மாதம் மகுஃபுலியும் இறந்தார். இதய நோய் என்று அரசு சொன்னது. அவருக்குப் பின் வந்த சாமியா சுலுஹு ஹசன் அம்மையார் ஆட்சியில்தான் எண்ணிக்கை திரும்ப வெளிவந்தது. பப்பாளிச் செய்தியை ஃபார்வர்ட் செய்தவர்கள் யாரும் இந்தப் பின்பாதியை அனுப்பவில்லை.

கோலா கதை ஐரோப்பாவில் நடந்தது. 2020 டிசம்பரில் ஆஸ்திரியா நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் ஒரு டம்ளர் கோலாவை ஆன்டிஜென் டெஸ்டில் விட்டார். பாசிட்டிவ் என்று கோடு வந்தது. வீடியோ உலகம் சுற்றியது. விஷயம் இதுதான். அந்தப் பட்டையில் பூசியிருக்கும் பொருள் குறிப்பிட்ட புளிப்பு அளவில் மட்டும் வேலை செய்யும். அதற்காகத்தான் கிட்டில் ஒரு திரவம் தருகிறார்கள். மாதிரியை அதில் கலக்கித்தான் விட வேண்டும். புளிப்பான கோலாவை நேரடியாக விட்டால் பட்டை கெட்டுக் கோடு விழும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை டீ டம்ளரில் போட்டுவிட்டு, டீக்குக் காய்ச்சல் என்று சொல்வதற்கு ஒப்பானது இது. நாடாளுமன்றத்தில் செய்தால் மட்டும் அது விஞ்ஞானம் ஆகிவிடுமா?

மூன்றாவது, நோபல் பரிசு விஞ்ஞானி. பிசிஆர் முறையைக் கண்டுபிடித்த காரி முல்லிஸ், இந்த டெஸ்டால் கொரோனாவைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னதாக ஒரு செய்தி. அவர் 1993இல் நோபல் பரிசு பெற்றவர் என்பது உண்மை. ஆனால் அவர் இறந்தது 2019 ஆகஸ்டில். கொரோனா வந்தது அதற்குப் பிறகு. எய்ட்ஸ் கிருமி பற்றிய விவாதத்தில் அவர் பல வருடம் முன்பு பேசியதை வெட்டி எடுத்து, தேதியை மறைத்து அனுப்பினார்கள்.

பிசிஆர் என்ன செய்கிறது என்று இரண்டு வார்த்தையில் சொல்கிறோம். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் கிருமியின் மரபணுத் துண்டு இருந்தால் அதை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக்கும். எத்தனையாவது சுற்றில் அது கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் ரிசல்ட்டில் 'சிடி' என்று போடுகிற எண். எண் குறைவாக இருந்தால் கிருமி அதிகம். இருபதில் தெரிந்தவருக்கும் முப்பதில் தெரிந்தவருக்கும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். 35 வரை பாசிட்டிவ் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் வைத்திருந்தது. 2021 ஏப்ரலில் அதை 24க்குக் குறைக்கலாமா என்ற கேள்வி மகாராஷ்டிராவிலிருந்து வந்தபோது, அப்படிச் செய்தால் நோயுள்ள பலர் தப்பிப் போவார்கள் என்று மறுத்துவிட்டது. 'அதிகச் சுற்று ஓட்டினால் யாருக்கும் பாசிட்டிவ் வரவைக்கலாம்' என்று வாய்ஸ் மெசேஜில் ஒருவர் உறுதியாகப் பேசுகிறார். பூஜ்யத்தை எத்தனை தடவை இரட்டித்தாலும் பூஜ்யம்தான் வரும். பக்கத்து மாதிரியின் துளி கலந்துவிட்டால் தவறு வரலாம். அதைப் பிடிப்பதற்காகவே கிருமி இல்லாத வெறும் மாதிரியையும் கூடவே ஓட்டிப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் டெஸ்டில் தவறே கிடையாதா? கிடையாது என்று சொன்னால் அதுவும் ஒரு ஃபார்வர்ட்தான். 2020 ஏப்ரலில் ரத்தத்தில் எதிர்ப்பணு பார்க்கும் விரைவு கிட்டுகள் சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் இறங்கின. தமிழ்நாட்டுக்கும் வந்தன. ராஜஸ்தானில் சோதித்துப் பார்த்தால் துல்லியம் 5.4 சதவீதம்! மாதம் முடிவதற்குள் நிறுத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம் இங்கிலாந்தில் நடந்தது. 2021 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடு வரை, வுல்வர்ஹாம்டனில் ஒரு தனியார் ஆய்வகம் ஏறக்குறைய 43,000 பேருக்குத் தவறாக நெகட்டிவ் கொடுத்திருக்கலாம் என்று அரசே அறிவித்தது. பிசிஆர் டெஸ்டிலேயே இந்தக் கதை. தொற்றோடு அவர்கள் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

இது எப்படி வெளியே வந்தது என்பதுதான் நமக்குப் பாடம். வீட்டில் எடுத்த டெஸ்டில் பாசிட்டிவ், ஆய்வகத்தில் நெகட்டிவ் என்று ஒரே பகுதியில் பலருக்கு வந்தது. அவர்கள் விடவில்லை. டாக்டர்களிடம் சொன்னார்கள், அதிகாரிகளிடம் கேட்டார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் அந்தப் பகுதியின் எண்களை எடுத்து வைத்துக் கேள்வி எழுப்பினார்கள். அக்டோபர் 15ஆம் தேதி ஆய்வகத்தின் வேலை நிறுத்தப்பட்டது. டெஸ்டின் தவறைக் கண்டுபிடித்தது இன்னொரு டெஸ்ட். சந்தேகப்பட்டவர்கள் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டார்கள்.

இனி ஆன்டிஜென் டெஸ்ட். மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் எடுக்கிறோமே, அதே வகை. 2020 ஜூனில் முதல் கிட்டுக்கு அனுமதி கொடுத்தபோதே ஐசிஎம்ஆர் அதன் குறையைச் சொல்லிவிட்டது. நோயில்லாதவரை நோயில்லை என்று சொல்வதில் 99.3 முதல் 100 சதவீதம் வரை சரி. நோயுள்ளவரைக் கண்டுபிடிப்பதில் 50.6 முதல் 84 சதவீதம் வரைதான். அதனால்தான், அறிகுறி இருந்து ஆன்டிஜென் நெகட்டிவ் வந்தால் கட்டாயம் ஆர்டி-பிசிஆர் எடுக்கச் சொன்னார்கள். பல மாநிலங்கள் ஆன்டிஜெனை நம்பி ஓட்டியபோது தமிழ்நாடு ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டது. யார் ஆட்சியில் நடந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். நம் மஹல்லாவில் ஆயிரம் பேர். நோயுள்ளவரில் நூற்றுக்கு 70 பேரைப் பிடிக்கும், நோயில்லாதவரில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கும் ஒரு டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். நோய் குறைவான காலத்தில் ஆயிரத்தில் பத்துப் பேருக்குத் தொற்று. டெஸ்ட் ஏழு பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் ஏறக்குறைய பத்துப் பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். ஆக 17 பாசிட்டிவில் பாதிக்கு மேல் தவறு. நோய் உச்சத்தில் இருக்கும்போது ஆயிரத்தில் 200 பேருக்குத் தொற்று என்றால், 140 பேரைப் பிடிக்கும். தவறாகப் பிடிப்பது எட்டுப் பேர்தான். ஆனால் நோயுள்ள 60 பேர் கையில் நெகட்டிவ் காகிதத்தோடு நடப்பார்கள். நெகட்டிவ் வந்த 14 பேரில் ஒருவர்! அதே கிட், அதே கைதான். ஊரில் நோய் குறைவாக இருக்கும்போது பாசிட்டிவைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஊரே இருமிக்கொண்டிருக்கும்போது நெகட்டிவைத்தான் நம்பக் கூடாது. இந்த வாய்ப்பாட்டைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். வாட்ஸ்அப்பில் போடத்தான் ஆளில்லை.

நாள் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொற்றியவரிடம் நாலாம் நாள் பிசிஆர் எடுத்தால் நூற்றுக்கு 67 பேருக்குத் தவறாக நெகட்டிவ். அறிகுறி தொடங்கும் நாளில் 38. அதிலிருந்து மூன்றாம் நாள் 20. அதுதான் இருப்பதிலேயே குறைவு; பிறகு மறுபடி ஏறுகிறது. நேற்று ஒரு கல்யாண வீட்டில் நோயாளியோடு சாப்பிட்டுவிட்டு இன்று காலை டெஸ்ட் எடுத்து 'எனக்கு இல்லை' என்பவர், விதைத்த மறுநாள் வயலுக்குப் போய் நெல் இல்லை என்பவர்தான்.

வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகள் பட்ட பாடும் இதில் சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகம் இந்தியர்களுக்கு மறுபடி கதவு திறந்தபோது, ஊரில் எடுத்த ஆர்டி-பிசிஆர் போதாது, விமான நிலையத்திலும் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும் என்றார்கள். ஊரில் நெகட்டிவ், விமான நிலையத்தில் பாசிட்டிவ். டிக்கெட் போச்சு, விசா தேதி போச்சு, வட்டியில்லாமல் புரட்டிய கடன் அப்படியே நின்றது. எல்லாம் காசு பிடுங்கும் ஏமாற்று என்று பேச்சு. இரண்டு நாளில் கிருமி பெருகியிருக்கலாம். முன்பு வந்து குணமானவரின் மூக்கில் செத்த துண்டுகள் வாரக்கணக்கில் கிடந்து பாசிட்டிவ் காட்டியிருக்கலாம். நாம் இப்போது போட்ட கணக்குப்படி, நோயில்லாத ஆயிரக்கணக்கானோரைச் சோதிக்கும் இடத்தில் சிலருக்குத் தவறாகவும் வந்திருக்கலாம். அவர்களுக்கு அங்கேயே இரண்டாவது டெஸ்டுக்கு வழி வைத்திருக்க வேண்டும் என்பது நியாயமான குறைதான். அதில் நாம் அவர்கள் பக்கம். ஆனால் அந்தக் கோபத்தை மூலதனமாக்கி, மூக்கைத் தொடாமலே நெகட்டிவ் அச்சடித்துக் கொடுத்த ஏஜென்டுகள் பக்கம் நாம் இல்லை. அந்தக் காகிதத்தோடு போனவர் யார் பக்கத்தில் உட்கார்ந்து போனாரோ, அவரும் ஒரு வீட்டின் ஒரே சம்பாத்தியம்தான்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியைக் கேட்டால் முதல் கேள்வி, யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார் என்பது. வயோதிகத்தில் நினைவு தடுமாறிய அறிவிப்பாளர்கள் உண்டு. அவர்களை இமாம்கள் என்ன செய்தார்கள்? பொய்யர் என்று ஒதுக்கிவிடவில்லை. தடுமாற்றத்துக்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று தேதி பார்த்துப் பிரித்தார்கள். முன்னதை எடுத்தார்கள், பின்னதை விட்டார்கள். டெஸ்ட் ரிசல்ட்டும் அப்படி ஒரு சாட்சிதான். எந்த நாளில் எடுத்தது, எந்த வகை, யார் எடுத்தது, ஊரில் நோய் எவ்வளவு என்று கேட்டு எடை போட வேண்டிய சாட்சி. 'ஃபார்வர்டட் மெனி டைம்ஸ்' என்று தலையில் எழுதிக்கொண்டு வரும் செய்திக்கு அறிவிப்பாளரே இல்லை. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவது பற்றிய ஹதீஸை நம் மக்தப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். அதை நாம் இங்கே திரும்பச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும். சில செய்திகளில் காகிதம் உண்மையாக இருக்கும், அர்த்தம் பொய்யாக இருக்கும். 2021 ஜூலையில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, தான் முதலில் தயாரித்த கொரோனா டெஸ்டை வருடக் கடைசியோடு விலக்கிக்கொள்வதாகவும், கொரோனாவையும் ஃப்ளூவையும் ஒரே நேரத்தில் பார்க்கும் டெஸ்டுக்கு ஆய்வகங்கள் மாறலாம் என்றும் அறிவித்தது. அதை 'பிசிஆர் டெஸ்டுக்குக் கொரோனாவுக்கும் ஃப்ளூவுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்டது' என்று மாற்றிவிட்டார்கள். பழைய டெஸ்ட் கொரோனாவை மட்டும்தான் பார்க்கும், ஃப்ளூவைப் பார்க்கவே பார்க்காது. முத்திரையும் தேதியும் சரியாக இருந்ததால் படித்தவர்களே ஏமாந்தார்கள்.

இனி நமது டிரஸ்ட் செய்யப்போவது. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு லேப் டெக்னீஷியன் தம்பி இருப்பார். ரிசல்ட் காகிதத்தைக் கொண்டு வந்தால் அதில் உள்ளதைப் படித்துச் சொல்வார். மருந்து சொல்ல மாட்டார். வீட்டில் எடுக்கும் கிட்டை எப்படிப் பயன்படுத்துவது, எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பதையும் காட்டுவார். பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கள் இருக்கின்றன, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். மூச்சு வாங்குகிறது, அளவு 94க்குக் கீழே இறங்குகிறது என்றால், டெஸ்ட் நெகட்டிவாக இருந்தாலும், ரிசல்ட் வராவிட்டாலும், டெஸ்டே எடுக்காவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரிதான். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் காகிதம் காட்டத் தேவையில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் மருத்துவச் செய்தி போடுகிறவர்கள், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் அட்மின் தம்பிகள் எடுத்துவிடுவார்கள். அவர்களிடம் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், நாம் சொல்லித்தான் செய்கிறார்கள்.

டாக்டர் அம்மா வந்திருக்கிறார்கள், மஃக்ரிப் வரை இருப்பார்கள். பெண்கள் பகுதியிலிருந்து சீட்டில் எழுதி அனுப்பிய கேள்விகள் ஏழெட்டு நம் கையில் இருக்கின்றன. முதல் கேள்வி: நோன்போடு இருக்கும்போது மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தால் நோன்பு முறியுமா? இதற்கு ஹஜ்ரத் அவர்கள் பதில் சொல்வார்கள். மற்றவற்றுக்கு டாக்டர் அம்மா.